"செக் எஞ்சின்" என்று மட்டும் சொல்லும் படகு: புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு

ஒன்ராறியோவில் பழைய மோட்டர் படகு வாங்கும் நம்மவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். சிம்கோ ஏரியில் மீன் பிடிக்க, கவார்த்தா ஏரிகளில் பிள்ளைகளை ட்யூபில் வைத்து இழுக்க என்று பதினெட்டு, இருபது அடிப் படகொன்றை ட்ரெய்லரோடு வாங்கிவிடுகிறார்கள். படகு ஓட்டும் அட்டையும் கையில் இருக்கிறது. 2009 செப்டெம்பரில் இருந்து கனடாவில் மோட்டர் பூட்டிய உல்லாசப் படகு ஓட்டும் எல்லாருக்கும் அது கட்டாயம். அதற்கான பரீட்சையில் யாருக்கு யார் வழிவிட வேண்டும், எந்த மிதவை என்ன நிறம் என்றெல்லாம் கேட்பார்கள். ஏரி நடுவில் திரையில் "செக் எஞ்சின்" என்று ஒரே ஒரு வரி வந்து ஹோர்ன் கத்தத் தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கமாட்டார்கள்.

மெக்கானிக் வேலை தெரியாத ஒருவர் தானே செய்து பார்க்கக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரு மல்ரி மீற்றர், கொஞ்சம் ஸ்பனர், ஒரு கண்ணாடிப் போத்தல், எஞ்சினோடு வந்த கைநூல் இருந்தால் போதும். நான் கண்டவரை, காரணம் விளங்காத எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை மின்சாரம் ஒழுங்காக வராததால், தண்ணீர் ஒழுங்காக ஏறாததால், அல்லது பெற்றோல் கெட்டுப்போனதால் வந்தவை. இந்த மூன்றையும் பார்க்காமல் சென்சர் வாங்கிப் பூட்டுவது காசை ஏரிக்குள் எறிவதற்குச் சமம்.

திரை ஏன் முழுதாகச் சொல்வதில்லை

எஞ்சினுக்குள் இருக்கும் கணினிக்கு என்ன பிழை என்று தெரியும். ஆனால் அது உங்கள் கார்மின், லோரன்ஸ், சிம்ராட் திரையோடு பேசுவது என்எம்இஏ 2000 என்ற பொது மொழியில். அந்த மொழியில் எஞ்சின் நிலையைச் சொல்வதற்கு முன்கூட்டியே வரையறுத்த சில வசனங்கள்தான் உண்டு. சூடு கூடிவிட்டது, ஒயில் அழுத்தம் குறைவு, பெற்றோலில் தண்ணீர், மின் அழுத்தம் குறைவு, சக்தி குறைக்கப்பட்டது, பராமரிப்பு தேவை, இப்படி. இவற்றில் எதிலும் அடங்காத பிழை எல்லாம் "செக் எஞ்சின்" என்ற பொதுப் பெட்டிக்குள் போய் விழும். வயிற்றுக்குள் எங்கே நோகிறது என்று காட்டத் தெரியாமல் அழும் குழந்தை மாதிரித்தான் அந்தத் திரை. எஞ்சின் கம்பனியின் சொந்தத் திரையோ, அந்தக் கம்பனியின் ஃபோன் செயலியோ இருந்தால் முழு விவரம் கிடைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் வள்ளத்தில் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சினுக்குத் திரையும் இல்லை, பிழையைச் சொல்லும் எண்ணும் (கோட்) இல்லை. சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்கள். இந்தப் புது எஞ்சின்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. காதுக்கு எல்லாம் நன்றாக இருக்கும்போதே கத்தும்.

முதலில், கத்துவது எஞ்சின்தானா?

சிரிக்காதீர்கள். மீன் தேடும் கருவியில் ஆழ அலாரம் ஒன்று இருக்கிறது. முந்திய உரிமையாளர் பத்து அடிக்குக் குறைந்தால் கத்து என்று போட்டு வைத்திருப்பார். சிம்கோவின் தெற்கே குக்ஸ் பே பக்கம் போனதும் அது கத்தும். நீங்கள் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துத் தலையைச் சொறிவீர்கள். அந்தக் கருவியை ஒருதரம் நிறுத்திப் பாருங்கள், சத்தமும் நின்றால் கதை முடிந்தது. கபின் உள்ள படகில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கும். கத்துவது அது என்றால் ஆராய்ச்சி வேண்டாம், எஞ்சினை நிறுத்தி எல்லாரையும் திறந்த காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஒரு பீப் வருவது பிழை அல்ல. மேர்க்குரி உட்பட பல எஞ்சின்கள் தம்மைத்தாமே சோதித்து அப்படி ஒரு குரல் கொடுக்கும். உங்கள் எஞ்சின் அப்படிக் கொடுக்கும் என்று கைநூலில் போட்டிருந்தும் சத்தம் வரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். ஹோர்ன் செத்திருக்கலாம், அல்லது தொல்லை தாங்காமல் யாரோ வயரைக் கழற்றி வைத்துவிட்டு உங்களுக்கு விற்றிருக்கலாம். பழைய படகு பார்க்கப் போகும்போது இந்தப் பீப் வருகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு பொய்ப் பயம் சேர்விஸ் நினைவூட்டல். சுசுகி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் புதிதாக இருக்கும்போது முதல் 20 மணித்தியாலத்திலும், பிறகு ஒவ்வொரு 100 மணித்தியாலத்திலும் ஒயில் மாற்றச் சொல்லி விளக்கு மின்னும், பஸ்ஸர் அடிக்கும். ஒயில் மாற்றினாலும் அது தானாக நிற்காது. கைநூலில் உள்ளபடி நினைவூட்டலை அழிக்க வேண்டும். கடையில் ஒயில் மாற்றிவிட்டு இதை அழிக்க மறந்துபோவது நடக்கிற காரியம்.

தண்ணீரில் இருக்கும்போது

வேகத்தைக் குறையுங்கள். எல்லாரையும் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லுங்கள். படகுகள் போய்வரும் வழியில் நிற்கிறீர்களா என்று சுற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் எஞ்சின்.

உடனே நிறுத்த வேண்டியது எது, மெல்ல ஓட்டிக் கரை சேரக்கூடியது எது என்பதுதான் அந்த நேரத்தில் தெரிய வேண்டியது. ஒயில் அழுத்தம் குறைவு என்று வந்தால் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்ற கதையே வேண்டாம். ஒயில் இல்லாமல் ஓடும் எஞ்சின் கெட்டுப்போக நிமிடக் கணக்கில்கூட நேரம் எடுக்காது. நின்ற பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு குறைவா, சரியா, கூடவா? ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்தப் படகை மீண்டும் ஸ்டார்ட் பண்ணாமல் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

சூடு என்று வந்தால் நியூட்ரலில் போட்டு, மெல்ல ஓடவிட்டபடி பின்னால் எட்டிப் பாருங்கள். படகின் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்ட் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சிறு துளையால் தண்ணீர் கம்பி போலப் பீச்சிக்கொண்டிருக்க வேண்டும். பீச்சினால் சற்று நேரம் அப்படியே விட்டால் சூடு இறங்கும். பீச்சவில்லை, அல்லது விட்டுவிட்டு வருகிறது என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். பிறகு எஞ்சினைத் தூக்கி, கீழ்க்காலில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைத் துளைகளைப் பாருங்கள். குக்ஸ் பே நீர்க்களைக்குப் பேர் போன இடம். ஜூலை, ஓகஸ்டில் அந்தக் கொடிகள் சல்லடை முழுவதும் ஈரத் துணியைச் சுற்றினாற்போல ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் இழுத்தால் ஒரு கூடை வரும். பின் எஞ்சினை இறக்கி, ஸ்டார்ட் பண்ணி, சிறிது பின்னோக்கி ஓட்டினால் மிச்சம் உள்ளதும் கழன்றுவிடும். கையை விட முன்பு சாவியையும் சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றி உங்கள் பொக்கெற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகின் வேகம் தானாகக் குறைந்துவிட்டால் பயப்பட வேண்டாம், அது எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. மேர்க்குரியில் அதற்கு எஞ்சின் கார்டியன் என்று பெயர். யமஹாவின் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல சூடானால் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுழற்சிக்கு (ஆர்பிஎம்) இறங்கிவிடும். த்ரொட்டிலை (வேகக் கைப்பிடியை) எவ்வளவு தள்ளினாலும் ஏறாது, தள்ளவும் கூடாது.

எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் ஸ்டேர்ன்ட்ரைவ் வகை என்றால் மூடியைத் திறக்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள். பெற்றோல் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், மூடியைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். வாடை எதுவும் இல்லாவிட்டாலும், மறுபடி ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறியை (புளோவர்) குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும்.

எதுவும் சரிவராவிட்டால் நங்கூரத்தைப் போடுங்கள். ஆறு மீற்றருக்கு உட்பட்ட படகில் துடுப்போ, 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரமோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். நான் இரண்டையும் வைத்திருக்கச் சொல்வேன். காற்று உங்களைக் கற்பாறைப் பக்கம் தள்ளும்போது துடுப்பு மட்டும் ஆகாது. ஒன்ராறியோ ஏரியில் விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் அலைவரிசையில் கரையோரக் காவல்படை கேட்டுக்கொண்டிருக்கும். சிம்கோ போன்ற உள் ஏரிகளில் ஆபத்து என்றால் 911 தான்.

கரைக்கு வந்ததும் எழுதி வையுங்கள்

எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். எச்சரிக்கை வந்ததும் பதற்றத்தில் சாவியை அணைத்துவிடுகிறோம், திரையில் இருந்தது போய்விடுகிறது. பிறகு மெக்கானிக்கிடம் போய் "ஏதோ சிவப்பாக வந்தது" என்கிறோம். கூட வந்தவர்களில் ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். திரையும் பீப் சத்தமும் இரண்டும் பதிய வேண்டும். பீப் எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில் என்பதும் ஒரு செய்தி. மேர்க்குரியின் பல அவுட்போர்ட்களில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நாலு பீப் வந்தால் பெற்றோல் வடியில் (ஃபில்டரில்) தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நிறுத்தாமல் அடித்தால் விஷயம் பாரதூரம். வேறு கம்பனிகளில் இது வேறு மாதிரி இருக்கும், உங்கள் கைநூலில் அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. கைநூல் இல்லாவிட்டால் எஞ்சினின் தொடர் இலக்கத்தை வைத்துக் கம்பனித் தளத்தில் தேடலாம்.

வீடியோவோடு இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அப்போது எத்தனை ஆர்பிஎம், வெப்பம், மின் அழுத்தம், பெற்றோல் எவ்வளவு மிச்சம், மெல்லப் போனீர்களா விரைந்தா, அப்போதுதான் பெற்றோல் அடித்தீர்களா, அலையில் படகு குலுங்கியதா. சாவியை அணைத்துப் போட்டதும் போய்விட்டதா, திரும்பி வந்ததா? பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் எல்லாம் அழிந்துவிடும் என்று படகுத்துறையில் நிற்கும் யாராவது நிச்சயம் சொல்வார்கள். செய்யாதீர்கள். காரணம் அப்படியே இருக்கும், தடயம் மட்டும் போய்விடக்கூடும்.

பற்றரியில் தொடங்குங்கள்

எச்சரிக்கை வாசகம் சூடு என்றோ ஒயில் என்றோ தெளிவாக இல்லாவிட்டால் முதலில் பற்றரிதான். எஞ்சினில் உள்ள பல சென்சர்களுக்குக் கணினி 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வரும் வோல்ட்டை வைத்துத்தான் வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கிடுகிறது. பற்றரிப் பக்கம் தளர்ந்தால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும். நல்ல சென்சர்களைக் கெட்டது என்று அது குற்றம் சொல்லும். அதனால் ஒரு நாள் ஒரு கோட், அடுத்த நாள் வேறொரு கோட் என்று சம்பந்தமில்லாமல் வந்தால் சென்சரை மறந்துவிட்டுப் பற்றரியைப் பாருங்கள்.

நண்பர் ஒருவருடைய ஸ்டேர்ன்ட்ரைவ் படகில் இதுதான் நடந்தது. ஒரு வாரம் ஒயில் அழுத்த சென்சர், அடுத்த வாரம் த்ரொட்டில் சென்சர், பிறகு வெறும் "செக் எஞ்சின்". கடையொன்றில் ஒயில் சென்சரை மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்றும் மாறவில்லை. ட்ரெய்லரில் நிற்கும்போது பற்றரிப் பெட்டியின் மூடியைத் திறந்தோம். எதிர்மறைத் தூணில் (நெகட்டிவ் முனையில்) ஐந்து வயர் ஒன்றன்மேல் ஒன்று: எஞ்சினின் தடித்த கேபிள், படகடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், ரேடியோ, மீன் தேடும் கருவி, எங்கே போகிறது என்று தெரியாத மெல்லிய கறுப்பு வயர் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காது வைத்த நட்டு, விரலால் தொட்டதும் சுழன்றது. தடித்த கேபிள் அடுக்கின் மேலே இருந்தது. ரேடியோ வயரின் மெல்லிய வளையம் அடியில். கேபிளின் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் உட்புறம் பச்சைத் தூள். செல்ஃப் அடிக்கும்போது பற்றரித் தூணில் 11.2 வோல்ட், அதே நேரம் எஞ்சின் பக்கத்தில் 8.9. இரண்டு வோல்ட்டுக்கு மேல் அந்த இணைப்பிலேயே தொலைந்துகொண்டிருந்தது. கம்பித் தூரிகையால் உரசி, தடித்த கேபிளை அடியில் வைத்து, அறுகோண நட்டும் பூட்டு வாசரும் போட்டு ஸ்பனரால் இறுக்கினோம். அதற்குப் பிறகு அந்தப் படகு கத்தவில்லை. கணினி உள்ள எஞ்சின்களுக்குக் காது நட்டுப் போடவேண்டாம் என்று மேர்க்குரியே எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் பற்றரியோடு கடையில் தருவது அதைத்தான்.

அளக்கும் முறை இது. எஞ்சின் ஓடாமல் சில மணித்தியாலம் இருந்த பிறகு பற்றரியில் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழ் விழுந்தால் பற்றரி வயதாகிவிட்டது, அல்லது சார்ஜ் இல்லை. ஓடும்போது, மெல்லிய வேகத்துக்குச் சற்று மேலே, 13.5க்கும் 14.8க்கும் இடையில் நிற்க வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது, அது மற்றக் கருவிகளையும் எரித்துவிடும்.

பிறகு இணைப்பில் தொலையும் வோல்ட். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்மறைத் தூணிலேயே வையுங்கள், மேலே உள்ள வளையத்தில் அல்ல. மற்ற முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ற் இல்லாத உலோகத்தில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ இணைப்புக் கெட்டிருக்கிறது. நேர்ப்பக்கமும் இப்படியே, தூணுக்கும் ஸ்டார்ட்டரில் கேபிள் வந்து சேரும் ஆணிக்கும் இடையில் அளக்கலாம். பற்றரி சுவிட்ச் இடையில் இருந்தால் அதன் இரு பக்கமும் பாருங்கள். பழைய சுவிட்சுகள் உள்ளே கருகியிருக்கும். இதை எல்லாம் ட்ரெய்லரில் செய்கிறீர்கள் என்றால் எஞ்சினின் காலில் தண்ணீர்க் குழாயோடு காதுமூடி போன்ற அந்த றப்பர்க் கவ்வியைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் சுழன்றால் தண்ணீர்ப் பம்பின் றப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் சில விநாடிகளிலேயே தேயத் தொடங்கிவிடும்.

தண்ணீர்ப் பாதை

களை இல்லை, ஆனாலும் சூட்டு எச்சரிக்கை வருகிறது என்றால், எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். மெல்லப் போகும்போது சூடாகி, வேகம் எடுத்தால் குளிர்கிறது என்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். மெல்லப் போனால் நன்றாக இருந்து, வேகத்தில் சூடாகிறது என்றால் உறிஞ்சும் பாதை பாதி அடைபட்டிருக்கலாம். சிம்கோவில் வரிக்குதிரைச் சிப்பிகள் உண்டு. கோடை முழுதும் தண்ணீரில் கட்டி வைத்த படகில் சல்லடைத் துளைக்குள்ளேயே குடியேறிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. இவை பொதுவான அறிகுறிகள்தான். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டாலும் இதே மாதிரிக் குழப்பும்.

பீச்சும் துளையால் தண்ணீர் வரவில்லை, ஆனால் வெப்பம் சாதாரணமாக இருக்கிறது என்றால் அந்தத் துளையே அடைபட்டிருக்கலாம். குளிர்காலத்தில் படகு கிடக்கும்போது பூச்சிகள் அதற்குள் கூடு கட்டும். புல் வெட்டும் ட்ரிம்மரின் நைலோன் நூல் ஒரு துண்டை மெல்ல உள்ளே விட்டு எடுத்தால் போதும். கம்பி விடாதீர்கள்.

இம்பெல்லர் ஒரு செலவு குறைந்த பாகம். மேர்க்குரி அவுட்போர்ட்களுக்கு 300 மணித்தியாலம் அல்லது 3 வருடம் என்கிறார்கள். வாங்கிய பழைய படகில் எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேர்க்குரூஸர் ஸ்டேர்ன்ட்ரைவில் ஒரு தனிப் புதிர் உண்டு. எஞ்சின் அறைக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, கியர் ஒயிலுக்கு. அதில் அளவு குறைந்தால் அலாரம் அடிக்கும். எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், வெப்பம் சரி, ஒயில் அழுத்தம் சரி, ஆனால் கத்தும். புதியவர்கள் இந்தப் போத்தலைக் கண்டிருக்கவே மாட்டார்கள். ஊற்றி நிரப்பினால் சத்தம் நிற்கும். ஆனால் அடிக்கடி குறைந்தால் எங்கோ சீல் கசிகிறது என்று அர்த்தம். அதே போல "பம்ப் அழுத்தம் குறைவு" என்று வந்து, வெப்பம் மட்டும் ஏறாமல் இருந்தால் அந்த அழுத்த சென்சரின் சிறு துளைக்குள் மண் அடைந்திருக்கக்கூடும். கழற்றித் துடைத்தால் பல தடவை சரியாகிவிடும்.

பெற்றோல்

ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோலில் பத்துச் சதவீதமளவு எதனோல் கலந்திருக்கும். எதனோல் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பாதித் தாங்கியோடு குளிர்காலம் முழுதும் விட்டால் தண்ணீர் சேர்ந்து ஒரு கட்டத்தில் எதனோலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து படியும். எஞ்சின் உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான்.

பார்ப்பது சுலபம். எஞ்சினுக்குப் போகும் வழியில் கார் ஒயில் வடி போன்ற உருளை வடி ஒன்று இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, வெளியிடத்தில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாமல், பற்றரி சுவிட்சை அணைத்துவிட்டு அதைக் கழற்றி அதற்குள் இருப்பதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். மேலே தேன் நிறத்தில் பெற்றோல், கீழே நிறமற்ற குமிழிகளாக உருண்டு திரண்டு தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டாற்போல் தெரியும். கறுப்புத் தூள் இருந்தால் பழைய குழாயின் உட்பக்கம் உதிர்கிறது. சில துளி தண்ணீர் என்றால் புது வடியைப் போடுங்கள், றப்பர் வளையத்தில் கொஞ்சம் ஒயில் தடவி, கையால் மட்டும் இறுக்கி, கசிகிறதா என்று பாருங்கள். விரல் அளவு தண்ணீர் என்றால் வடி மாற்றிப் பயனில்லை, தாங்கியையே காலி பண்ண வேண்டும். பெற்றோல் நிரப்பும் மூடியின் றப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைத்தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும்.

கோட் வாசிப்பது

இவ்வளவும் பார்த்தும் வருகிறது என்றால் இனித்தான் கோட். மேர்க்குரி எஞ்சின்களின் ஸ்மார்ட்கிராஃப்ட் இணைப்பில் பூட்டும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. புளூடூத் வழியாக ஃபோனில் பிழையைச் சொற்களாகவே காட்டும். யமஹாவுக்கு வைடிஐஎஸ், சுசுகிக்கு எஸ்டிஎஸ் என்ற மென்பொருள்கள் உண்டு, அவை பெரும்பாலும் முகவர்களிடம்தான் இருக்கும்.

வோல்வோ பென்ரா போன்றவற்றில் கோட் இரண்டு இலக்கமாக வரும்: எஸ்பிஎன் எந்த உறுப்பு என்று சொல்லும், எஃப்எம்ஐ அதில் என்ன கோளாறு என்று சொல்லும். புதியவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு அந்தச் சென்சரை வாங்க ஓடுகிறார்கள். இரண்டாவதைப் பாருங்கள். எஃப்எம்ஐ 3 என்றால் வோல்ட் கூட, 4 என்றால் வோல்ட் குறைவு, 5 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. இந்த மூன்றும் வயர், இணைப்பு, சென்சர் பக்கத்துக் கோளாறுகள். எஞ்சினுக்கு உண்மையில் சூடோ ஒயில் குறைவோ இல்லாமல் இருக்கலாம். 0 அல்லது 1 என்றால் சென்சர் ஒழுங்காக வேலை செய்து, அளவே எல்லை மீறிவிட்டது என்று சொல்கிறது; அதை நம்ப வேண்டும்.

3, 4, 5 என்றால் அந்தச் சென்சரின் இணைப்பானைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசிகளில் பச்சை படிந்திருக்கிறதா, ஒன்று பின்னால் தள்ளுப்பட்டிருக்கிறதா? எஞ்சின் ஓடும்போது வயர்க் கட்டை மெல்ல அசைத்தால் எச்சரிக்கை வந்துபோகிறதா? சுழலும் பெல்டில் இருந்து கையையும் சட்டைக் கையையும் தூர வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

திரையில் எஞ்சின் விவரமே விட்டுவிட்டு மறைகிறது, "தொடர்பு இல்லை" என்று வருகிறது என்றால் எஞ்சினில் ஒன்றும் இல்லை, வலைப்பின்னலில்தான் கோளாறு. என்எம்இஏ 2000 கேபிளின் இரு நுனியிலும் 120 ஓம் முடிப்பான் ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு தரவு வயர்களுக்கும் இடையில் மீற்றரால் அளந்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முடிப்பான் கழன்றுவிட்டது.

மெக்கானிக்கிடம் போகும்போது

வீடியோவையும் குறிப்பையும் வோல்ட் அளவுகளையும் கொடுங்கள். எதை மாற்றினீர்கள் என்பதை ஒளிக்காதீர்கள். கோட்களை அழிப்பதற்கு முன் முழுப் பட்டியலையும் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். பல எஞ்சின்கள் எத்தனை மணித்தியாலம் எந்த ஆர்பிஎம்மில் ஓடின, எப்போது அளவுக்கு மேல் சூடாகின என்பதையும் நினைவில் வைத்திருக்கும். இன்னொரு பழைய படகு வாங்கப் போகும்போதும் இதையே கேட்கலாம். சென்சரை மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்தச் சோதனையில் அது கெட்டது என்று தெரிந்தது என்று கேளுங்கள். கோட் வந்தது என்பது மட்டும் பதில் என்றால் வேறு கடை பார்ப்பேன்.

கூடுமானால் செப்டெம்பருக்குள் காட்டிவிடுங்கள். ஒக்டோபரில் எல்லாரும் குளிர்காலப் பூட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். தண்ணீரை வடித்து, எஞ்சினுக்குள் ஒயில் புகை அடித்து, படகை வெள்ளைப் பிளாஸ்டிக்கால் சுற்றிவிட்டால் ஏப்ரல், மே வரை அந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வழியில்லை.